முதல் விபஸ்ஸனா முகாமுக்குப் போகிறவர்களுக்கு: படிவம் முதல் வீட்டுப் பயிற்சி வரை

பத்து நாள் விபஸ்ஸனா தியான முகாமில் உட்கார நான் மூன்று முறை விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. முதல் முறை படிவத்தை அரைகுறையாக நிரப்பினேன். இரண்டாம் முறை இடம் கிடைத்தது. ஆனால் வருவதை உறுதிசெய்யச் சொல்லி வந்த மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். மூன்றாம் முறை போய், பத்து நாளும் இருந்து முடித்தேன். வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரத்திலேயே பயிற்சி நின்றுபோனது. மறுபடி உட்கார எட்டு மாதம் பிடித்தது. அதன் பிறகு நான்கு வருடமாகத் தொடர்கிறேன்.

இதைத் தேடிப் போனதற்குக் காரணம் கோபம். காலை ஏழரை மணிக்குப் பள்ளி வேன் வருவதற்குள் மகளிடம் கத்தாத நாளே இல்லை என்று ஆகியிருந்தது. உங்கள் காரணம் வேறாக இருக்கலாம். எதுவானாலும், நான் இழந்த ஒன்றரை வருடத்தை நீங்கள் இழக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். தியான ஆசிரியர் எஸ்.என். கோயங்கா கற்பித்த முறையில் நடக்கும் முகாம்களைப் பற்றி மட்டுமே சொல்கிறேன். நான் போனது அவற்றுக்குத்தான்.

1. நாட்காட்டியில் 12 நாளைக் குறியுங்கள்

பெயர்தான் பத்து நாள் முகாம். வந்து பதிவு செய்யும் நாள் கணக்கில் சேராது. அது பூஜ்ய நாள். பதினோராம் நாள் காலை சுமார் ஏழரை மணிக்குத்தான் வெளியே வருவீர்கள். ஆக, 12 நாள்.

பல முகாம்கள் புதன்கிழமை மதியம் பதிவோடு தொடங்கி, அடுத்த வாரம் முழுவதும் ஓடி, அதற்கடுத்து வரும் ஞாயிறு காலை முடிகின்றன. சனி, ஞாயிறு விடுமுறை உள்ளவர்களுக்கு 8 வேலை நாள் லீவு போதும். முடிந்தால் திங்கட்கிழமையையும் சேர்த்துக் கேளுங்கள். பத்து நாள் பேசாமல் இருந்துவிட்டு மறுநாளே அலுவலகக் கூட்டத்தில் போய் உட்காருவது கஷ்டம்.

நடுவில் வெளியே போய்விட்டு வர முடியாது, போன் கையில் இருக்காது. அதனால் கல்யாணம், பரீட்சை, அம்மாவின் கண் ஆபரேஷன் என்று எதுவும் அந்தத் தேதிக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மகளின் அரையாண்டு விடுமுறைக்கு அப்புறம் வருகிற முகாமாகப் பார்த்து நான் தேர்ந்தெடுத்தேன். அம்மா ஊரிலிருந்து வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். கரண்ட் பில், பள்ளிக் கட்டணம், கேஸ் பதிவு எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவிட்டுப் போங்கள். முடிக்காத வேலை ஒவ்வொன்றும் தியானத்தில் வந்து நிற்கும்.

சென்னையில் திருநீர்மலை வழியாகப் போனால் திருமுடிவாக்கத்தில் 'தம்ம சேது' மையம் இருக்கிறது. திண்டுக்கல் பக்கமும் திருவண்ணாமலையிலும் மையங்கள் உண்டு. முகாம் தேதிகளும் விண்ணப்பமும் தம்மா.ஆர்க் (dhamma.org) என்ற தளத்தில் கிடைக்கும். எந்தெந்த மொழியில் நடக்கிறது என்பது ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் போட்டிருக்கும். உங்களுக்குத் தமிழில்தான் நன்றாகப் புரியும் என்றால் அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மாலை உரைகள்தான் அன்றைய பயிற்சிக்கு விளக்கம். அது புரியாமல் போனால் மறுநாள் முழுக்கத் தடுமாறுவீர்கள்.

2. படிவத்தில் ஒரு பெட்டியையும் காலியாக விடாதீர்கள்

பணம் கட்டவோ சான்றிதழ் இணைக்கவோ வேண்டியதில்லை. அதனால் படிவம் எளிதாகத் தெரியும். அதில்தான் நான் ஏமாந்தேன்.

உடல்நலம், மனநலம், எடுத்துக்கொள்ளும் மருந்துகள், போதைப் பழக்கம், இதற்கு முன் செய்த தியான முறைகள், ரெய்கி போன்ற சிகிச்சைகள் என்று வரிசையாகக் கேட்பார்கள். பிரசவத்துக்குப் பின் சில மாதம் மனச்சோர்வுக்கு மருந்து எடுத்திருந்தேன். 'எப்போதோ முடிந்த கதை, இதை எதற்கு எழுத வேண்டும்' என்று அந்தப் பகுதியைக் காலியாக விட்டேன். விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. நான் பதில் எழுதத் தயங்கிக்கொண்டிருந்ததில் இடங்கள் நிரம்பிவிட்டன.

அடுத்த முறை உண்மையை எழுதினேன்: எந்த வருடம், என்ன மருந்து, எவ்வளவு நாள், எப்போது மருத்துவர் நிறுத்தச் சொன்னார். தொலைபேசியில் அழைத்து இன்னும் இரண்டு கேள்வி கேட்டார்கள். இடம் கொடுத்தார்கள்.

இதை வற்புறுத்திச் சொல்கிறேன். தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு, யாரோடும் பேசாமல் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. தீவிர மனநலப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இது தீங்காக முடியலாம். இப்போது மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் முதலில் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள், பிறகு மையத்திடம் பேசுங்கள். முகாமில் சேருவதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தவே கூடாது. 'இப்போது வேண்டாம்' என்று மையம் சொன்னால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், முதுகு வலி, முழங்கால் தேய்மானம், கர்ப்பம் எல்லாவற்றையும் எழுதுங்கள். முன்பே தெரிந்தால் நாற்காலி தருவார்கள், மாலைச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்வார்கள். மாதவிடாய்க்குத் தடை எதுவும் கிடையாது. உங்களுக்குத் தேவையானதை எடுத்துச் சென்றால் போதும்.

தோழியோ கணவரோ அதே முகாமுக்கு வந்தால் அதையும் படிவத்தில் குறிப்பிட வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடம் தனித்தனி என்பதால் கணவரைப் பார்க்கவே மாட்டீர்கள். தோழி பக்கத்திலேயே இருப்பார், பேச முடியாது. என்னைக் கேட்டால் முதல் முறை தனியாகப் போவதே நல்லது.

3. மின்னஞ்சல் பெட்டியைத் தினமும் பாருங்கள்

நல்ல தேதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் இரண்டு மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். காத்திருப்போர் பட்டியலில் வைத்தாலும் மனம் தளர வேண்டாம். கடைசி வாரத்தில் பலர் விலகுவார்கள்.

இடம் உறுதியானதும் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் நான் இரண்டாம் முறை தவறவிட்டேன். முகாமுக்குச் சில நாட்கள் முன்பு, வருகிறீர்களா என்று மறுபடி கேட்பார்கள். அதற்குப் பதில் போகாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். எனக்கு வந்த மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டியில் கிடந்தது. மையத்தின் முகவரியை உங்கள் தொடர்புப் பட்டியலில் சேர்த்துவையுங்கள். போக முடியாது என்று தெரிந்தால் அன்றைக்கே எழுதிவிடுங்கள். இன்னொருவர் அந்த இடத்துக்குக் காத்திருக்கிறார்.

ஆதார் அல்லது வேறொரு அடையாள அட்டை, அதன் நகல், உறுதிக் கடிதம் இந்த மூன்றையும் ஒரு உறையில் போட்டுப் பையின் மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஒரு மாதம் முன்பே சீலத்தைத் தொடங்குங்கள்

முகாமுக்குள் சீலம் என்று ஐந்து ஒழுக்க விதிகள் உண்டு: உயிரைக் கொல்லாமை, கொடுக்காததை எடுக்காமை, பிரம்மச்சரியம், பொய் பேசாமை, போதைப் பொருள் தொடாமை. உள்ளே போன பிறகு இவற்றைக் காப்பது எளிது. சைவச் சாப்பாடுதான், பேசவே போவதில்லை, பிறகு எங்கே பொய் சொல்வது? வெளியே இருக்கும்போது முயன்று பாருங்கள். அப்போதுதான் மனம் எங்கே நழுவுகிறது என்று தெரியும்.

நான் ஒரு மாதம் இப்படிச் செய்தேன். தினமும் இரவு ஒரு சின்ன நோட்டில், அன்று சொன்ன பொய்களை மட்டும் எழுதினேன். பெரிய பொய் ஒன்றும் இல்லை. "கிளம்பிட்டேன், பத்து நிமிஷத்துல வந்துடுவேன்", "உங்க போனை கவனிக்கவே இல்ல", "அம்மா, நான் சாப்பிட்டுட்டேன்" இந்த மாதிரி. முதல் நாள் ஏழு இருந்தது. அந்த ஏழையும் ஏன் சொன்னேன் என்று யோசித்தபோது, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு சின்ன பயம் இருந்தது. யாரோ கோபித்துக்கொள்வார்கள், யாரோ என்னைப் பற்றித் தவறாக நினைப்பார்கள். மாதக் கடைசியில் நாளைக்கு ஒன்று, சில நாள் ஒன்றும் இல்லை என்ற அளவுக்கு வந்தது. தியானக் கூடத்தில் உட்கார்ந்தபோது இதன் பலன் தெரிந்தது. மறைக்க எதுவும் இல்லாத மனம் கொஞ்சம் சீக்கிரம் அடங்குகிறது.

கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் கேட்பார்கள், இது மதம் மாற்றுமா என்று. மாற்றாது. நான் இன்றும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறேன். ஆனால் அந்தப் பத்து நாள் மட்டும் ஜபம், பூஜை, நோன்பு, யோகாசனம், வேறு தியானம் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். ஜபமாலை, தாயத்து போன்றவற்றை எடுத்துப்போகக் கூடாது. இந்த முறையை வேறொன்றோடு கலக்காமல் பார்ப்பதற்காகத்தான் இந்த விதி. உங்களால் அதற்கு ஒப்புக்கொள்ள முடியுமா என்று முன்பே முடிவு செய்யுங்கள். ஒருவர் நான்காம் நாள் இதற்காகவே கிளம்பிப் போனதைப் பார்த்தேன். தங்கியவர்களுக்கும் அது கலக்கமாக இருந்தது.

கூடவே காபியைக் குறையுங்கள், இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரமாக, கொஞ்சமாக ஆக்குங்கள். தரையில் சம்மணம் போட்டுத் தினமும் இருபது நிமிடம் உட்காருங்கள். முகாமுக்குப் போகாதவர்களும் கேட்கும்படி, மூச்சைக் கவனிக்கும் ஆனாபானா பயிற்சியின் சிறு ஒலிப்பதிவு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அதைக் கேட்டுப் பார்த்தால் முகாமில் கேட்கப்போகும் குரல், பேச்சின் வேகம் எல்லாம் பழகிவிடும்.

5. பை

தளர்வான, உடலை மூடும் பருத்தி உடைகள் ஆறு செட். படுக்கை விரிப்பு, போர்வை, தலையணை உறை தருவார்களா என்பது மையத்துக்கு மையம் மாறும். உறுதிக் கடிதத்தில் இருக்கும், படியுங்கள். டார்ச், பூட்டு, தண்ணீர் பாட்டில், குடை, சாதாரண அலாரம் கடிகாரம், வாசனை இல்லாத சோப்பு, வழக்கமான மருந்துகள் 12 நாளுக்கு. நடக்கும்போது சத்தம் போடாத செருப்பு.

புத்தகம், நோட்டு, பேனா, சென்ட், தின்பண்டம், நகை வேண்டாம். போனையும் பர்ஸையும் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். வீட்டில் அவசரம் என்றால் கூப்பிட மையத்தின் எண்ணை இரண்டு பேரிடமாவது எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள். இதைச் செய்துவிட்டால் பாதிக் கவலை குறைந்துவிடும்.

6. உள்ளே எப்படி இருக்கும்

காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4.30 முதல் 6.30 வரை தியானம். 6.30க்குக் காலை உணவு, 11 மணிக்கு மதிய உணவு, 5 மணிக்கு டீ. புதியவர்களுக்கு டீயோடு பழம் மாதிரி லேசாக ஏதாவது உண்டு. இரவுச் சாப்பாடு கிடையாது. இரவு 7 மணிக்கு உரை, 9.30க்குப் படுக்கை. காலை 8, மதியம் 2.30, மாலை 6 ஆகிய மூன்று வேளையும் எல்லோரும் சேர்ந்து கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.

முதல் மூன்று நாள் மூச்சு மட்டும். நான்காம் நாள் மதியம் விபஸ்ஸனா சொல்லித்தருவார்கள்: தலை முதல் கால் வரை உடலில் எழும் உணர்ச்சிகளை வரிசையாகக் கவனிப்பது, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதற்கு எதிர்வினை காட்டாமல் இருப்பது. அதன் பிறகு அந்த மூன்று கூட்டு அமர்வுகளிலும் கை, கால் அசைக்காமல், கண் திறக்காமல் உட்காரும் உறுதி, அதாவது அதிட்டானம், தொடங்கும்.

பசி பிரச்சினையே இல்லை. முதுகு வலியும் ஐந்தாம் நாளுக்குள் ஓரளவு பழகிவிடும். எனக்குக் கடினமாக இருந்தவை இரண்டாம் நாளும் ஆறாம் நாளும். இரண்டாம் நாள் தூக்கமும் சலிப்பும். ஆறாம் நாள், எப்போதோ இறந்துபோன அப்பாவிடம் நான் பேசிய கடுமையான வார்த்தைகள் ஒன்றுவிடாமல் வந்தன. அழுதேன். மதியம் 12 மணிக்கு மேல் முகாமை நடத்தும் உதவி ஆசிரியரைத் தனியாகப் பார்த்துப் பேசலாம். வெட்கப்படாமல் போங்கள். அவர் என்னிடம் நீளமாக எதுவும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் உடம்பில் என்ன தெரிகிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னார். நெஞ்சில் ஒரு இறுக்கம், தொண்டையில் சூடு. கொஞ்ச நேரம் இருந்து தானாகக் குறைந்தது. இன்றுவரை எனக்கு உதவுவது அன்று கற்றதுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஏழாம், எட்டாம் நாளில் உடம்பு முழுக்க இதமான சிலிர்ப்பு வரலாம். சிலருக்கு வராது. வந்தவர்கள் அதையே தேட ஆரம்பிப்பார்கள், வராதவர்கள் தோற்றுப்போனதாக நினைப்பார்கள். இரண்டும் வீண். வருவது எதுவானாலும் சமநிலையோடு இருக்க முடிகிறதா என்பதுதான் பயிற்சி.

பத்தாம் நாள் காலை, எல்லா உயிர்களுக்கும் நலம் வேண்டும் மைத்திரி தியானம் கற்பித்ததும் மௌனம் முடியும். அன்று வாய் ஓயாமல் பேசிவிடாதீர்கள். நான் பேசினேன்; மாலை அமர்வில் ஐந்து நிமிடம்கூட மனம் நிற்கவில்லை.

7. பணம்

தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கற்பிப்பதற்கும் கட்டணம் இல்லை. இதற்கு முன் முகாமை முடித்தவர்கள் கொடுத்த நன்கொடையில்தான் நீங்கள் உட்காருகிறீர்கள். முடிக்காதவர்களிடம் நன்கொடை வாங்க மாட்டார்கள். கடைசியில் விருப்பப்பட்டால் கொடுக்கலாம். எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. அன்றைய உற்சாகத்தில் சக்திக்கு மீறிக் கொடுக்க வேண்டாம். பணம் இல்லாவிட்டால் பிறகு ஒரு முகாமில் சமையலறைச் சேவைக்குப் போகலாம், அதுவும் தானம்தான்.

எனக்கு ஆன செலவு ஆட்டோ, டார்ச், பூட்டு, செருப்பு எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். சில மையங்களில் துணி துவைத்துத் தர ஆள் உண்டு, அதற்குத் தனியாகச் சிறு தொகை. சேர்க்கை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

8. வீட்டில் முதல் 40 நாள்

நான் தோற்றது இங்கேதான். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காருங்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். கேட்கும்போது எளிதாக இருந்தது. வீட்டுக்கு வந்த முதல் வாரம் அப்படியே செய்தேன். இரண்டாம் வாரம் உறவினர் வந்தார்கள். ஒரு நாள் விட்டது, அடுத்த நாளும் விட்டது. 'இனி திங்கட்கிழமையிலிருந்து ஒழுங்காக' என்று தள்ளிப்போட்டேன். அந்தத் திங்கட்கிழமை வரவே இல்லை.

இரண்டாம் முறை தொடங்கியபோது இப்படி மாற்றினேன்:

இடம் ஒன்றை நிலையாக்கினேன். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு பாய் அகலம். பாயை மடித்து எடுத்து வைப்பதில்லை, எப்போதும் விரித்தே இருக்கும்.

காலை நேரத்தை 4.45 ஆக்கினேன். பால் வருவதற்கு முன், போனைத் தொடுவதற்கு முன். போன் சமையலறையில் சார்ஜில் இருக்கும். படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த காலத்தில் ஒரு நாளும் நேரத்துக்கு உட்கார்ந்ததில்லை.

மாலை ஒரு மணி நேரம் எனக்கு வாய்க்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டேன். அலுவலகத்திலிருந்து வந்ததும் இருபது நிமிடம், இப்போது நாற்பது. முழுதாகச் செய்யாவிட்டால் செய்யவே வேண்டாம் என்ற பிடிவாதம்தான் முதல் முறை என்னைக் கெடுத்தது. பத்து நிமிடம் உட்கார்ந்தாலும் அன்று உட்கார்ந்ததாகக் கணக்கு. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் ஈடுகட்ட இரண்டு மணி நேரம் உட்காருவதும் வேண்டாம்.

வாரம் ஒரு முறை கூட்டு அமர்வுக்குப் போனேன். முகாமை முடித்த பழைய மாணவர்களுக்காகப் பல ஊர்களில், பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டில் நடக்கும். எங்கே என்று மையத்தில் கேட்டால் சொல்வார்கள். ஒரு நாள் முகாம்களும் உண்டு. தனியாகத் தத்தளிப்பதைவிட எட்டுப் பேரோடு ஒரு மணி நேரம் உட்காருவது அந்த வாரத்தையே தாங்கிப் பிடிக்கும். எட்டு மாதம் நான் இதைத் தேடாமல் விட்டதற்கு இன்றும் வருந்துகிறேன்.

பொய் நோட்டை மறுபடி எடுத்தேன், அதில் கோபத்தையும் சேர்த்தேன். எத்தனை மணிக்கு, யாரிடம், அப்போது உடம்பில் எங்கே தெரிந்தது. அவ்வளவுதான், வேறு விளக்கம் எழுதுவதில்லை. பாயில் உட்காரும் நேரத்தைவிட இந்த இடத்தில்தான் பயிற்சிக்கு வேலை இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

வீட்டாரிடம் இதைப் பற்றி உபதேசம் செய்யாதீர்கள். முதல் முறை வந்தவுடன் கணவரையும் தம்பியையும் போகச் சொல்லித் துளைத்தேன். இருவரும் எரிச்சலானார்கள். இரண்டாம் முறை ஒன்றும் சொல்லவில்லை. ஏழு மாதம் கழித்துத் தம்பியே படிவத்தைக் கேட்டான்.

மகளுக்கு இப்போது பத்து வயது. போன மாதம் ஒரு நாள் காலை, ஏழு இருபதுக்கு ஒரு ஷூ காணவில்லை. எனக்குத் தொண்டையில் அந்தச் சூடு ஏறியது. தெரிந்தது, நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, மூச்ச பாக்குறியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இருவரும் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினோம். வேன் ஹாரன் அடித்தபோது ஒரு ஷூவைப் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்தபடி ஓடினாள்.